சிக்னலில் தானாக அணையும் என்ஜின்: புதுவைக்கு லாபமா?

புதுச்சேரி:

இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சிக்னல்களில் நிற்கும் வண்டிகள் வீணாக்கும் டீசல் கொஞ்சநஞ்சமல்ல. அதை மிச்சம் பிடிக்க வந்ததுதான் 'மைல்டு ஹைபிரிட்'.

வண்டி நின்றால் என்ஜின் அணையும். பிரேக் பிடித்தால் பேட்டரி சார்ஜ் ஏறும். கிளம்பும்போது மோட்டார் கைகொடுக்கும். ஆனால் மோட்டாரை மட்டும் நம்பி வண்டி ஓடாது.

2016-ல் ஸ்கார்ப்பியோவில் இதை வைத்த மஹிந்திரா, 7 சதவீதம் மிச்சம் என்றது. 2017 ஏப்ரலில் மத்திய அரசு மானியத்தை நிறுத்தியது. 2025 ஜூனில் பார்ச்சூனரில் 48 வோல்ட்டாக மறுபடி வந்தது. அப்போது விலை 44 லட்சத்துக்கு மேல் இருந்தது. ஜி.எஸ்.டி.யும் 40 சதவீதம். மின்சார வண்டிக்கோ வெறும் 5.

அந்த 7 சதவீதப்படி பார்த்தால் 100 ரூபாய் டீசலுக்கு 7 ரூபாய்தான் மிஞ்சும். தமிழகத்தைவிட டீசல் விலை குறைந்த புதுவையில், போட்ட காசை எடுக்க வருஷக்கணக்கில் ஓட்டணும். சிக்னலில் சாவியைத் திருப்பி அணைக்க காசே வேண்டாம்!