மறுபடியும் ரத்தமா?

போன மாசம் என் சின்ன ஓர்ப்படிக்குப் பெருங்குடலில் ஆபரேஷன். கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் துணைக்கு நான்தான்.

மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஜுரம் இல்லை. "காபி எப்போக்கா தருவாங்க?" என்று நச்சரிப்பு வேறு. நாலாம் நாள் காலையில் நர்ஸ் மறுபடியும் ஊசியோடு வந்து நின்றதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நேத்துதானேம்மா எடுத்தீங்க? பில் ஏத்தறதுக்கா இதெல்லாம்?" என்று கேட்டே விட்டேன். பாவம், சின்னப் பெண். "டாக்டர் சி.ஆர்.பி. பார்க்கச் சொல்லியிருக்கார்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் டாக்டரே வந்து விளக்கினார். சி.ஆர்.பி. என்பது நம் கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதம். 1930-லேயே நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்களாம். உடம்பில் காயமோ கிருமித் தொற்றோ வந்தால் இது மளமளவென்று ஏறும். ஆபரேஷனும் காயம்தானே? அதனால் எல்லாருக்குமே ஏறும். இரண்டு, மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால்தான் கவலை.

சாதாரணமாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருப்பது, இவளுக்கு இரண்டாம் நாள் 140. அதற்கு யாரும் பயப்படவில்லை. மூன்றாம் நாள் 160. நாலாம் நாள் 215! குடல் ஆபரேஷனில் அந்த நாட்களில் 150-க்கு மேல் நின்றால், தைத்த இடத்தில் கசிவோ என்று சந்தேகப்படுவார்களாம். நுரையீரலிலோ சிறுநீரிலோ தொற்று இருந்தாலும் ஏறும் என்பதால், நம்பரை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை.

"ஜுரமே இல்லையே டாக்டர்?" என்றேன்.

"சில பேருக்கு அதெல்லாம் அப்புறம்தாம்மா வரும்" என்றார்.

உடனே ஸ்கேன். தையலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது! மெல்லிய குழாய் வைத்து வடித்து, ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம் 120, 60 என்று இறங்க இறங்க, "இன்னிக்கு எவ்வளவு?" என்று நானே விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சிசேரியன் ஆன பெண்களுக்கும் முதல் இரண்டு நாள் இது ஏறித்தான் இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து அழ வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஜுரம், தையலில் சிவப்பு, நீர் கசிவு, நாற்றமுள்ள தீட்டு என்று ஏதாவது இருந்தால், "ரிப்போர்ட் நன்றாகத்தானே இருந்தது" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். இன்னொன்று, சில லேப்களில் டெசிலிட்டர் கணக்கில் எழுதுகிறார்கள். அங்கே 15 என்றால் இங்கே 150! இரண்டு லேப் ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் ஒரு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கூடுதலாக இருந்துவிட்டுக் கிளம்பினோம். அந்த நர்ஸ் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தேடினேன். வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். மாடி ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒரு பாட்டியின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். பாட்டி அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.