‘அரை மூடி ஊத்து, தூங்கிடுவான்!’ - குழந்தைக்கு இருமல் சிரப் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டியது என்ன?

பொங்கல் லீவுக்குச் சீயமங்கலம் போயிருந்தேன். செஞ்சியிலிருந்து தேசூர் பக்கம் போனால் வரும் ஊர். மகேந்திரவர்மன் குடைவரையைப் பார்க்க எப்போதாவது கார் வரும், மற்றபடி சத்தமே இருக்காது. ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா பையனுக்கு இருமல். பதினான்கு மாதக் குழந்தை. ஆயா அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு பாட்டிலை எடுத்து, "அரை மூடி ஊத்துடி, தூங்கிடுவான்" என்றார். போன மாசம் பெரியவளுக்காக மெடிக்கலில் வாங்கியது. டாக்டர் சீட்டு கிடையாது. "சளிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கியதுதான்.

போன் டார்ச் அடித்து லேபிளைப் படித்தேன். எறும்பு சைஸ் ஆங்கிலத்தில், நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. அக்கா பி.காம். முடித்தவள். "இதை யாருடா உக்காந்து படிப்பா?" என்றாள். நியாயமான கேள்வி.

அந்த வரி சும்மா வந்ததில்லை. குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் என்ற இரண்டும் சேர்ந்த சளி மருந்துகளில் இந்த எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும், 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ சிரப்பில் இருந்தது இதே இரண்டு மருந்துகளும் பாராசிட்டமாலும்தான்.

அந்தக் கதை நம் வீட்டு வாசலில் தொடங்கியது. சிரப்பைத் தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா. எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். இது தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனம், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரொப்பிலீன் கிளைகாலில் இது கலந்து வந்தால் நிறத்தையோ ருசியையோ வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. சிந்த்வாராவில் முதலில் தெரிந்த அறிகுறியே குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனதுதான். 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாடு மருந்தைத் தடை செய்தது, உரிமையாளர் கைதானார், லைசென்ஸ் ரத்தானது.

"கம்பெனியைத்தான் மூடிட்டாங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். 2022-ல் காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் இந்திய சிரப்கள் குடித்துக் குழந்தைகள் இறந்தபோதும் இப்படித்தான் பேசினோம். தொழிற்சாலையைச் சோதிப்பது அரசின் வேலை, அதில் தாய் தகப்பனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிந்த்வாராவில் டாக்டரே எழுதிக் கொடுத்த மருந்து அது. என் கேள்வி வேற. விஷமே கலக்காத, சுத்தமான சிரப்பாகவே இருந்தாலும் அந்தக் குழந்தைகளுக்கு அது தேவைப்பட்டதா?

பெரும்பாலும் இல்லை. சின்னக் குழந்தைகளின் சளி, இருமலுக்குக் காரணம் வைரஸ். தானாகவே சரியாகிவிடும். கோல்ட்ரிஃப் சம்பவத்துக்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையும் இதைத்தான் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாக வேண்டாம். ஆயா சொன்ன "தூங்கிடுவான்" இருக்கிறதே, அது குளோர்பெனிரமின் தரும் மயக்கம். இருமல் குணமாகித் தூங்குவதில்லை.

காய்ச்சல் மருந்து விஷயம் வேற மாதிரி. பாராசிட்டமால் தேவைப்படும், ஆனால் கணக்கு தப்பக் கூடாது. வயதை வைத்து இல்லை, எடையை வைத்துத்தான் அளவு: ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150. சிக்கல் எங்கே வருகிறது என்றால், டிராப்ஸ் பாட்டிலில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 இருக்கும், இன்னொரு சிரப்பில் அதே 5 மில்லிக்கு 250. "5 மில்லி குடு" என்று சிரப்புக்குச் சொன்னதை டிராப்ஸில் எடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். பெரியவர்கள் போடுகிற ஒரு மாத்திரை அளவு அது! அடுத்த டோஸுக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நாலு டோஸுக்கு மேல் ஒரு நாளைக்குப் போகக் கூடாது. சமையலறை ஸ்பூன், சங்கு எல்லாம் அளவுக்கு ஆகாது, ஊசியில்லாத சிரிஞ்ச் மெடிக்கலில் சில ரூபாய்க்கே கிடைக்கிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். எந்த வயதானாலும் வேகமாக மூச்சு வாங்குது, நெஞ்சு உள்ளே இழுக்குது, பால் குடிக்க மாட்டேங்குது என்றால் அப்போதே 108-ஐ கூப்பிடுங்கள்.

இவ்வளவும் ஒரு லேபிளில் எழுத முடியாது, சரி. ஆனால் "4 வயதுக்குக் கீழ் கொடுக்காதீர்கள்" என்ற ஒரே வரியைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போட என்ன தடை? சிகரெட் அட்டையில் படம் போட்டே பயமுறுத்துகிற நாடு இது. மருந்தை எழுதுவது டாக்டர், விற்பது கடைக்காரர், ஊற்றுவது ஆயா. எச்சரிக்கை இந்த மூன்றாவது ஆளைப் போய்ச் சேரவே இல்லை. சுங்குவார்சத்திரம் நடந்த மாநிலம் என்ற வகையில் தமிழ்நாடாவது இதை டெல்லியிடம் அழுத்திக் கேட்க வேண்டும்.

அன்று ராத்திரி பையனுக்குக் கால் ஸ்பூன் தேன் கொடுத்தோம். ஒரு வயது தாண்டியிருந்ததால் கொடுத்தோம், அதற்கு முன்னால் தேன் கூடாது. தோளில் சாய்த்து அக்கா திண்ணையில் நடந்தாள். ஒரு மணிக்கு மேல்தான் தூங்கினான். காலையில் ஆயா அந்தப் பாட்டிலை என்னிடம் நீட்டி, "இதுல வேற என்னல்லாம் எழுதியிருக்கு, படி" என்றார்.