எங்கள் பிள்ளைகளின் பெயர் கேள்விக்குறி அல்ல



அன்பின் புல்மோட்டை உறவுகளே! கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கணினி விஷயம் என்று தாண்டிப் போய்விட வேண்டாம். இது நம் பிள்ளைகளின் பெயர் பற்றிய விஷயம்.

போன தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கைகளைக் கணினியில் அச்சிட்டுக் கொடுப்போம் என்று ஆசிரியர்கள் சிலர் கூடி முடிவெடுத்தோம். யாரோ எப்போதோ எழுதிய மென்பொருள் ஒன்று பென் டிரைவில் கைக்கு வந்தது. புள்ளிகளைப் போட்டால் கூட்டுத்தொகை, சராசரி, நிலை எல்லாம் தானாகவே வந்தன. சந்தோஷப்பட்டோம். பெயர்களை இட்டபோதுதான் சோதனை ஆரம்பித்தது. 'பாத்திமா ஹஸ்னா' என்று தமிழில் தட்டினோம். பெட்டிக்குள் வந்து விழுந்தவை வெறும் கேள்விக்குறிகள். அடுத்த பிள்ளைக்கும் அப்படித்தான். வகுப்பு முழுக்கக் கேள்விக்குறிகள்.

வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் இட்டோம். ஒருவர் எழுதியது போல் மற்றவர் எழுதவில்லை. 'முஹம்மது' என்ற ஒரே பெயருக்கு மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டல் வந்துவிட்டது. ஓர் உம்மா அறிக்கையோடு வந்து கேட்டார்: "சேர், பிறப்புப் பத்திரத்துல ஒரு மாதிரி இருக்கு, இதுல வேற மாதிரி இருக்கு. நாளைக்கு சோதினைக்குப் போடக்குள்ள கரச்சல் வராதா?" நியாயமான கேள்வி. பெயரில் ஓர் எழுத்து மாறியதால் சத்தியக்கடதாசி முடிக்க அலைந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த மென்பொருளை எழுதியவரை நாங்கள் குறை சொல்லவில்லை. பிழை எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தோம். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்வதற்கே இந்தப் பதிவு.

மேசன் பாஸ் வீடு கட்டும்போது யன்னல், கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தன் கையால் செய்வதில்லை. செய்து வைத்ததை வாங்கிப் பூட்டுகிறார். மென்பொருள் எழுதுபவரும் அப்படித்தான். பொத்தான், எழுத்துப் பெட்டி, பட்டியல், அட்டவணை, மெனு என்று திரையில் நாம் காணும் உறுப்புகளை ஆயத்தமாகச் செய்து வைத்த தொகுப்புகள் இருக்கின்றன. இடைமுகக் கூறுகளின் நூலகம் என்று சொல்லலாம். அந்த நூலகத்தின் எழுத்துப் பெட்டிக்குத் தமிழ் தெரியாவிட்டால், அதைப் பூட்டிய எந்த மென்பொருளுக்கும் தமிழ் தெரியாது.

1998 இல் வந்த விசுவல் பேசிக் 6 இதற்கு நல்ல உதாரணம். கடைப் பில் முதல் சம்பளப் பட்டியல் வரை அதில் எழுதப்பட்ட மென்பொருள்கள் உலகெங்கும் ஏராளம். ஆனால் அதன் சாதாரண எழுத்துப் பெட்டிகள் யுனிகோட் அறியாதவை. விண்டோசின் பழைய குறியீட்டுப் பக்கங்களில் உள்ள எழுத்துகளையே அவை காட்டும். தமிழுக்கு அப்படியொரு பக்கம் விண்டோசில் இருந்ததே இல்லை. ஆகவே தெரியாத எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி. இத்தனைக்கும் 1991 இல் வெளியான யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 தமிழைக் காட்டவும் தொடங்கிவிட்டது. மொழிக்கு இடம் கிடைத்த பிறகும் பெட்டிகள் திறக்கவில்லை.

அந்த நெருக்கடியில்தான் பாமினி போன்ற எழுத்துருக்கள் நமக்குக் கைகொடுத்தன. அதை மறக்கக் கூடாது. ஆனால் அது ஒரு வேஷம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினியின் உள்ளே இருப்பது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். மேலே தமிழ் உடுப்பு, உள்ளே ஆங்கிலம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உடுப்பு கழன்றுவிடும். தேடினால் கிடைக்காது. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானில் கேட்டால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளே காதில் விழும்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. இந்தச் செய்தி நம் ஊருக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்பதே எங்கள் ஆதங்கம்.

மேசைக் கணினி மென்பொருள்களுக்குப் பெரிதும் பயன்படும் இரண்டு நூலகங்கள் ஜிடிகே, கியூட். இரண்டாவதைப் பலர் கியூ-டி என்றும் சொல்வார்கள். ஜிடிகே முதலில் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளுக்காகச் செய்யப்பட்டது. கியூட் நோர்வேயில் பிறந்தது. இரண்டும் 2020 டிசம்பரில் புதிய தலைமுறைக்கு வந்தன: ஒன்று ஜிடிகே 4, மற்றது கியூட் 6. அவற்றில் நமக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது எழுத்து. 'கெ' என்று நாம் எழுதினால் கணினி உள்ளே முதலில் 'க'வையும் பிறகு கொம்பையும் வைக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் வரவேண்டும். இந்த ஒழுங்கைச் செய்து கொடுப்பது ஹார்ஃப்பஸ் என்ற சிறிய இயந்திரம். ஜிடிகே, கியூட் இரண்டும் இதையே பயன்படுத்துகின்றன. லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ், குரோம், நம் கையிலுள்ள அன்ட்ராய்டு போன் எல்லாவற்றுக்குள்ளும் இதுதான். இதை வளர்த்தெடுத்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். பெயர் பாரசீகம்: 'ஹர்ஃப்' என்றால் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்த. குர்ஆன் மத்ரசாவில் நம் பிள்ளைகள் முதல் நாள் படிக்கும் அதே ஹர்ஃபுதான் இன்று தமிழையும் திரையில் ஒழுங்குபடுத்துகிறது என்பதை அறிந்தபோது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அதே நூலகங்களில் அரபு வலமிருந்து இடமாகவும் தமிழ் இடமிருந்து வலமாகவும் ஒரே வரியில் குழம்பாமல் நிற்கும். அரபு மொழியைத் தெரிவு செய்தால் யன்னல் முழுவதுமே வலமிருந்து இடமாகத் திரும்பிக்கொள்ளும். மத்ரசா இடாப்பையோ நிக்காஹ் அழைப்பிதழையோ தட்டச்சு செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது இடம். பழைய மென்பொருள்களில் பொத்தானின் அகலத்தை ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்துவிடுவார்கள். 'எக்சிட்' என்ற நான்கு ஆங்கில எழுத்துக்குச் செய்த பெட்டிக்குள் 'வெளியேறு' எப்படி நுழையும்? பாதியில் வெட்டுப்படும். வரியின் உயரம் போதாவிட்டால் 'தீ'யின் மேற்சுழி போய்விடும். புதிய நூலகங்களில் சொல்லின் நீள உயரத்துக்கு ஏற்ப உறுப்புகள் தாமே விரிந்து இடம் கொடுக்கின்றன.

மூன்றாவது தெளிவு. தமிழில் ஒரு புள்ளி மறைந்தால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். திரையைப் பெரிதாக்கினால் எல்லா உறுப்புகளும் சேர்ந்து பெரிதாகும் வசதி கியூட் 6 இல் எப்போதும் இயங்கும்படி வைக்கப்பட்டுள்ளது. 2024 மார்ச்சில் வந்த ஜிடிகே 4.14 புதிய வரைபொறிகளைக் கொண்டுவந்தது. திரையை 125 அல்லது 150 வீதத்துக்குப் பெரிதாக்கினாலும் எழுத்து மங்காமல் இருக்க அவை உதவுகின்றன. கண்ணாடி போட்ட எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

நான்காவதுதான் எங்கள் மனதைத் தொட்டது. ஜிடிகே 4 இல் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பகுதியைப் புதிதாகவே எழுதினார்கள். 2025 மார்ச்சில் வந்த 4.18 பதிப்பு அந்த வசதியை லினக்ஸோடு நிறுத்தாமல் விண்டோசுக்கும் மேக்குக்கும் கொண்டுபோக வழி திறந்தது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006 இல் தொடங்கியவர்கள் பார்வையற்ற இரண்டு அவுஸ்திரேலிய இளைஞர்கள். அதனோடு வரும் குரல் தமிழையும் வாசிக்கும். உச்சரிப்பு நம் காதுக்குக் கொஞ்சம் புதிதாக இருக்கும், ஆனால் விளங்கும். ஒரு நிபந்தனை: எழுத்து உண்மையான தமிழாக, யுனிகோட்டாக இருக்க வேண்டும்.

ஆக, கருவி தயார். நாம்தான் இன்னும் தயாரில்லை. வட்ஸ்அப்பில் எல்லோரும் யுனிகோட்டில் எழுதுகிறோம், அது யுனிகோட் என்று தெரியாமலே. ஆனால் பாடசாலைக் கடிதம், சங்க அறிக்கை, பள்ளிவாசல் சந்தாப் பட்டியல் என்று வந்தால் மறுபடியும் பாமினி, இல்லாவிட்டால் ஆங்கிலம்.

"பாமினிதான் கைக்குப் பழக்கம்" என்று கொமியூனிகேஷன் கடைத் தம்பிமார் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதே விசை அமைப்பில் யுனிகோட் அடிக்க இ-கலப்பை போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. 2008 இல் வந்த எஸ்எல்எஸ் 1326 என்ற நம் நாட்டுத் தரம் ரெங்கநாதன் விசைப்பலகையையே ஏற்றுக்கொண்டது. விரலுக்கு அதுவும் அந்நியமில்லை. "பேஜ்மேக்கரில் யுனிகோட் வராதே" என்பார்கள். அதுவும் உண்மை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001 இல். கால் நூற்றாண்டுக்கு முந்திய பெட்டிக்காக இன்றைய பிள்ளையின் பெயரைச் சுருக்க முடியுமா?

"எல்லாம் போனில் வந்துவிட்டது, இனி மேசைக் கணினி எதற்கு?" என்றும் கேட்கலாம். பிள்ளையின் விடுகைப்பத்திரம் எங்கே தயாராகிறது? பிரதேச செயலகத்தில் நம் விபரம் எங்கே பதியப்படுகிறது? கடையில் பற்றுச்சீட்டு எங்கே அடிக்கப்படுகிறது? பெரும்பாலும் மேசைக் கணினியில்தான். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. ஓர் அலுவலர் மனது வைத்தாலும் அவர் முன்னால் உள்ள பெட்டி தமிழை ஏற்காவிட்டால் அந்த உரிமை காகிதத்தில்தான் நிற்கும்.

ஆகவே ஊராரிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: கடைக்கோ சங்கத்துக்கோ பள்ளிவாசலுக்கோ மென்பொருள் செய்விப்பவர்கள், காசைக் கொடுக்கு முன் ஐந்து நிமிடம் சோதித்துப் பாருங்கள். ஹ, ஸ, ஷ, ஜ வரும் பெயர்களை இடுங்கள். 'கொ', 'கௌ' வரும் சொற்களையும் இடுங்கள். சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். அகர வரிசைப்படுத்திப் பாருங்கள். அச்சிட்டுப் பாருங்கள். திரைவாசிப்பானைப் போட்டுக் கேளுங்கள். ஒன்றில் தவறினாலும் "தம்பி, இதைத் திருத்தித் தாருங்கள்" என்று சொல்லுங்கள். இன்றைய நூலகங்களில் இது பெரிய வேலையல்ல. கேட்காததால்தான் செய்யாமல் விடுகிறார்கள்.

இரண்டு: பாடசாலையில் நாங்கள் ஆரம்பிக்கிறோம். அடுத்த தவணை முதல் எங்கள் வகுப்புகளின் பெயர்ப் பட்டியல் யுனிகோட்டில், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள எழுத்துப்படியே இருக்கும், இன்ஷா அல்லாஹ். அதன் பிரதியைத் தயவுசெய்து எடுத்து அனுப்புங்கள். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் சரிபார்க்கத்தான் ஆள் வேண்டும். உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகள் முன்வாருங்கள்.

மூன்று: உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளைகளுக்கு. நீங்கள் பைதன் படிக்கிறீர்கள். கறுப்புத் திரையில் விடையை அச்சிடுவதோடு நின்றுவிடாதீர்கள். பைசைட் 6 வழியாகக் கியூட்டையும், பைஜிஓப்ஜெக்ட் வழியாக ஜிடிகேயையும் அதே பைதனில் தொடலாம். காசு தேவையில்லை. சில பத்து வரிகளில் தமிழ்ப் பெயர்ப்பட்டியல் ஒன்றைக் காட்டும் யன்னலைச் செய்துவிடலாம். இன்னும் ஒரு வழியும் உண்டு. ஜினோம், கேடிஈ திட்டங்களில் தமிழாக்கக் குழுக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் தன்னார்வலர்களே செய்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள் சேர்ந்தால்தான் இடாப்பு, பற்றுச்சீட்டு என்று நாம் புழங்கும் சொற்களும் அங்கே இடம் பெறும்.

நம் கடற்கரையின் கனிம மணல் கப்பலேறிப் போகிறது. அதிலிருந்து வெள்ளை நிறப்பூச்சு எங்கோ தயாராகி, டின்னில் அடைத்து, நம் கடைக்கே வருகிறது. நாம் விலை கொடுத்து வாங்கிச் சுவருக்குப் பூசுகிறோம். மணலை நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆலை வேண்டும், முதல் வேண்டும், அனுமதி வேண்டும். இந்த நூலகங்கள் அப்படியல்ல. மூலநிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. ஒரு பழைய லெப்டொப்பும் படிக்கும் மனதும் இருந்தால் புல்மோட்டையில் இருந்தபடியே அதற்குள் கை வைக்கலாம்.

அந்த உம்மாவின் அறிக்கையைத் திருப்பி வாங்கி, மகனின் பெயரைப் பேனையால் தமிழில் எழுதிக் கொடுத்தோம். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பதான் எண்ட புள்ளட பேரு மாதிரி இருக்கு." அடுத்த முறை அதைக் கணினியே சரியாக எழுத வேண்டும். அதற்கு உங்கள் ஒத்துழைப்பும் துஆவும் வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினர், கடை முதலாளிமார், கொமியூனிகேஷன் நடத்தும் தம்பிமார் கண்ணில் படும்படி இதைப் பகிர்ந்துவிடுங்கள். பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம். அல்லாஹ் நம் முயற்சிகளை இலேசாக்கித் தருவானாக.

வஸ்ஸலாம்.