கதிர்காமப் பாதயாத்திரை: காட்டுப்பாதைக்கு நிலையான ஒழுங்கு வேண்டும்

தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களூடாகக் கதிர்காமத்தைச் சென்றடையும் பாதயாத்திரை, இந்நாட்டின் மிக நீண்ட நடைப்பயணங்களுள் ஒன்றாகும். போர்க்காலத்தில் வடக்கிலிருந்தான நடை தடைப்பட்டிருந்த போதிலும், 2009 ஆம் ஆண்டின் பின்னர் அது மீண்டும் வழமைக்குத் திரும்பியுள்ளது. ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடக்கும் அடியார்களுக்கு வடக்கிலும் கிழக்கிலும் ஆலய மண்டபங்கள் தங்குமிடமாகின்றன. ஊர் மக்களின் அன்னதானம் பசி தீர்க்கிறது. பிரச்சினை ஆரம்பிப்பது உகந்தைமலை முருகன் ஆலயத்திலேயே ஆகும்.

உகந்தைக்கு அப்பால் ஊர்கள் இல்லை. குமண, யால தேசிய பூங்காக்களை ஊடறுத்துச் செல்லும் காட்டுவழியே எஞ்சியுள்ளது. சாதாரண நாட்களில் இப்பூங்காக்களினுள் வாகனத்தை விட்டு இறங்கி நடப்பதற்கே அனுமதியில்லை. எனவே, யாத்திரைக்காகப் பாதை திறக்கப்படுவது வனஜீவராசிகள் திணைக்களம் ஆண்டுதோறும் வழங்கும் விசேட அனுமதியின் பேரிலேயே இடம்பெறுகிறது. கும்புக்கன் ஓயா, நாவலடி, வியாழை, கட்டகாமம் முதலிய இடங்களில் இரவு தங்கிச் செல்லும் இந்தப் பயணத்துக்கு நான்கைந்து நாட்களேனும் தேவை.

இவ்வனுமதி எந்த நாளில் கிடைக்கும் என்பதே ஆண்டுதோறும் எழும் கேள்வியாகும். 2024 ஆம் ஆண்டில் கதிர்காமக் கொடியேற்றம் ஜூலை 6 ஆம் திகதி நடைபெற்றது. காட்டுப்பாதை ஜூன் மாத இறுதியில் திறக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டில் கொடியேற்றம் ஜூன் 26 ஆம் திகதி. பாதை திறக்கப்பட்டது ஜூன் 20 ஆம் திகதி. இரு ஆண்டுகளிலும் இடைவெளி ஏறத்தாழ ஒரு வாரமே. கொடியேற்றமோ அமாவாசையை ஒட்டி நிர்ணயிக்கப்படுவது. பஞ்சாங்கத்தைக் கொண்டு முன்கூட்டியே கணிக்கக்கூடிய ஒரு நாளைச் சார்ந்த தீர்மானம், ஏன் ஆண்டுதோறும் கூட்டங்களிலும் கோரிக்கைகளிலும் தொங்கிக் கொண்டிருக்க வேண்டும் என்பதே எமது வினாவாகும்.

நிர்வாக எல்லைகளும் இதற்கு ஒரு காரணமாகும். உகந்தை அம்பாறை மாவட்டத்தின் லாகுகல பிரதேச செயலகப் பிரிவில் உள்ளது. கும்புக்கன் ஓயாவுடன் கிழக்கு மாகாணம் முடிவடைகிறது. கதிர்காமம் ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தைச் சேர்ந்தது. இடைப்பட்ட காடு வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளது. யாத்திரிகர் ஒரே பாதையில் நடக்கின்றனர். பொறுப்போ பல அலுவலகங்களிடையே பிரிந்து கிடக்கின்றது. திகதி பிந்தி உறுதியாகும்போது, முன்னரே புறப்பட்டு வந்தவர்கள் உகந்தையில் தேங்குகின்றனர். குடிநீருக்கும் மலசலகூட வசதிக்கும் நெருக்கடி ஏற்படுகிறது. கொடியேற்றத்தைக் காண விரும்புவோர் நான்கைந்து நாள் வழியை அவசரமாகக் கடக்க முற்படுகின்றனர். முதியவர்களுக்கு இது உயிராபத்தாகவும் முடியலாம்.

மறுபுறத்தில், திணைக்களத்தின் தயக்கத்தையும் நாம் புறந்தள்ள முடியாது. யாத்திரைக் காலம் வறட்சிக் காலமாகும். யானைகளும் மான்களும் நாடிவரும் நீர்நிலைகளை அண்டியே மனிதர்களும் தங்க வேண்டியுள்ளது. ஆயிரக்கணக்கானோர் சில நாட்களுக்குள் கடந்து செல்கையில் விட்டுச் செல்லப்படும் பொலித்தீனும் அணைக்கப்படாத அடுப்புகளும் காட்டுக்குப் பெருங்கேடாகும். வள்ளியின் காடு என்று போற்றும் வனத்தை மாசுபடுத்துவது பக்திக்கும் பொருந்தாது.

காஷ்மீரின் அமர்நாத் யாத்திரைக்கான திகதிகளை அதற்கெனவுள்ள சபை பல வாரங்களுக்கு முன்னரே அறிவிக்கிறது. முற்பதிவும் மருத்துவச் சான்றிதழும் அங்கு கட்டாயமாகும். அம்முறையை அப்படியே இங்கு புகுத்துமாறு நாம் கோரவில்லை. கைப்பையும் கைத்தடியும் மட்டுமே உடைமையாகக் கொண்டு நடக்கும் ஏழை அடியார்களை இணையவழிப் பதிவு வெளியே நிறுத்திவிடும். ஆனால், முன்னறிவித்தல் என்ற அடிப்படையை ஏற்பதில் எவருக்கும் தடையிருக்க முடியாது.

ஆகவே, கொடியேற்றத்துக்கு இத்தனை நாட்களுக்கு முன்னர் பாதை திறக்கப்படும், இத்தனை நாட்களின் பின்னர் மூடப்படும் என்ற நிலையான விதியொன்று வகுக்கப்பட்டு, ஆண்டின் ஆரம்பத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும். இரு மாவட்டச் செயலகங்களும் திணைக்களமும் ஆலய நிர்வாகங்களும் யாத்திரைக் குழுக்களும் அடங்கிய கூட்டுக்குழு அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் கருமமாற்றக்கூடிய பதிவு நிலையம் உகந்தையில் அமைய வேண்டும். ஒவ்வொரு தங்குமிடத்திலும் எத்தனை பேருக்கு நீர் வழங்க முடியும் என்பதைக் கணித்து, அதற்கேற்ப நாளாந்தம் உள்ளே அனுப்பப்படும் தொகையைத் தீர்மானிக்கலாம். உட்செல்லும் பொலித்தீன் அனைத்தும் வெளியே கொண்டுவரப்படுவதை யாத்திரைக் குழுக்களே உறுதிப்படுத்த வேண்டும்.

இவற்றுக்குப் பெருந்தொகை நிதி தேவையில்லை. முன்கூட்டிய தீர்மானமே தேவை. தமிழரும் சிங்களவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்காது ஒன்றாக நடக்கும் பாதைகள் இந்நாட்டில் அதிகம் இல்லை. எஞ்சியுள்ள இப்பாதை ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும் சலுகையாக அன்றி, கடமைகளோடு கூடிய உரிமையாக அமைவதே முறையாகும்.