துளை சிறிது, தூரம் பெரிது

நாரி வலியைப் பற்றி எழுத ஓர் இலக்கிய ஏட்டில் இடமேது என்று சிலர் கேட்கக்கூடும். உழைக்கும் மனிதன் நிமிர்ந்து நிற்க முடியாமற் போவது இலக்கியத்துக்குப் புறம்பான செய்தியென்றால், அத்தகைய இலக்கியம் நமக்கு வேண்டியதில்லை.

மன்னார்த் தீவின் வயோதிபக் கடற்றொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். பேசாலைச் சந்திவரை அவர் சைக்கிள் ஓடுகிறார். இறங்கி ஐம்பது யார் நடந்ததும் கால்கள் மரத்துக் கனக்கின்றன; குந்திவிட்டால் வலி தணிகிறது. “சைக்கிள் ஓடலாமாம், நடக்கத்தான் முடியாதாம்” என்று ஊர் நகைக்கிறது. சோம்பேறி என்னும் பட்டமும் கிடைக்கிறது. உண்மை வேறு. வயதேற ஏற முள்ளந்தண்டின் தட்டுகள் தேய்ந்து, மூட்டுகளும் தசைநார்களும் தடித்து, நரம்புகள் செல்லும் கால்வாய் ஒடுங்குகிறது. முன்குனிந்தால் அக்கால்வாய் சற்று விரியும்; நிமிர்ந்தால் நெருக்கும். ஒல்லாந்து வைத்தியர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954இலேயே இந்நோயைத் தெளிவாக விளக்கி எழுதிவிட்டார். எழுபது ஆண்டுகள் கழிந்தும் நம் கரையில் அது சோம்பலென்றும் விதியென்றும் பேசப்படுவது யார் குற்றம்?

விஞ்ஞானம் வாளாவிருக்கவில்லை. முன்னர் முதுகை நீளக் கீறி, தசையை விலக்கி, எலும்பை அகற்றினர். இன்று சிறு துளையொன்றில் குழாயைச் செலுத்தி, நுணுக்குக்காட்டியின் துணையுடன், நரம்பை நெருக்கும் பகுதியை மட்டும் அகற்றுகின்றனர். தசைச் சேதம் குறைகிறது. நோயாளி விரைவில் வீடு திரும்புகிறார். இச்சாதனையை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் விஞ்ஞானத்தின் தோளில் ஏறிக்கொண்டு வியாபாரமும் வருகிறதே! “தழும்பில்லை, மறுநாளே நடை” என்று விளம்பரம் கூவுகிறது. ஆய்வுகள் கூறுவதென்ன? சிறுதுளை முறைகள் மூன்றை ஒப்பிட்ட நோர்வே ஆய்வொன்று, பலனில் அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று 2022இல் கண்டது. நெருக்கத்தை நீக்குவதோடு எலும்புகளைப் பிணைத்தும் வைப்பதால் மேலதிக நன்மை இல்லையென 2016இல் சுவீடன் ஆய்வு காட்டிற்று. ஆயினும் அமெரிக்க முதியோரிடையே சிக்கலான பிணைப்புச் சிகிச்சைகள் 2002க்கும் 2007க்குமிடையில் ஏறக்குறைய 15 மடங்காயின. நோய் ஐந்தாண்டில் 15 மடங்கு பெருகியதா, இலாபம் பெருகியதா?

முறையான உடற்பயிற்சிச் சிகிச்சையைத் தொடங்கியோரும் சத்திரசிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டோரும் ஈராண்டின் பின் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர் என்று 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. பயிற்சி தொடங்கியோரில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் சத்திரசிகிச்சைக்கு மாறினர் என்பதையும் மறைக்கலாகாது. ஆகவே, பயிற்சி முதலில் வேண்டும். அது போதாதவர்க்குக் கத்தி வேண்டும். கால் திடீரெனச் சோர்ந்தாலோ, சிறுநீர்க் கட்டுப்பாடு தவறினாலோ ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியசாலை சேர வேண்டும்.

இவை எங்கே கிடைக்கின்றன? வடக்கில் நரம்பியற் சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மன்னாரிலிருந்து பூநகரி வழியாக அது 100 கிலோமீற்றருக்கு மேல். தலைமன்னார்வாசிக்கு இன்னும் தொலைவு. நிற்க முடியாத நோயாளி நெரிசற் பேருந்தில் நிற்கிறார். பின் வரிசையிலும் நிற்கிறார். துணைக்கு வந்தவரின் அன்றாடக் கூலியும் போகிறது. பொறுமை இழந்தவர் கொழும்பின் தனியார் மனைக்குப் போக நினைத்தால், இயந்திரத்தையோ வள்ளத்தையோ விற்க வேண்டும். முதுகை நிமிர்த்தத் தொழிலை விற்பது என்ன வைத்தியம்?

“சிறு மாவட்டத்துக்கு நரம்பியல் நிபுணரா? செலவு தாங்குமா?” என்பர் கணக்கர். சத்திரசிகிச்சைக் கூடத்தை மன்னாரில் கட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அத்தகைய கைத்திறன் நாள்தோறும் பயன்படும் பெரிய வைத்தியசாலையில் இருப்பதே நோயாளிக்கு நல்லது. ஆனால் நோயறிதல், பயிற்சிச் சிகிச்சை, நிபுணரின் மாதாந்த வருகை, உட்கார்ந்து செல்ல வாகனம், நிச்சயமான ஒரு தேதி ஆகியவை நோயாளியின் ஊரை அடைய வேண்டும். இவற்றுக்கு மாளிகை வேண்டாம், மனம் வேண்டும்.

மருந்து வாணிகத்தின் கொள்ளையை எதிர்த்து 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை வழிநடத்திய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தின் தேவையையும் விலையையும் மக்கள் பக்கம் நின்று அளந்தார். அதே அளவுகோலைத் திருகாணிக்கும் குழாய்க்கும் வைப்போம். 2022இன் நெருக்கடியில் மருந்துகள் அருகின. வைத்தியர் பலர் நாட்டை நீங்கினர். அதைக் காட்டி இலவச வைத்தியத்தைக் கைவிடச் சொல்வோர்க்கு நாம் இடங்கொடோம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! ஊரில் ‘சோம்பேறி’ என்னும் சொல் எழும்போது, அது நோய் என்று எடுத்துச் சொல்லுங்கள். பின்னர் அந்நோயாளியோடு சேர்ந்து, இச்சேவைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.