அலட்சியப்படுத்தக் கூடாத தொண்டை நோவு

தொண்டை நோவு வராத வீடு எமது நாட்டில் இல்லை. பெரும்பாலும் வைரசினால் ஏற்படும் இந்நோவு ஒரு வாரத்துக்குள் தாமாகவே நீங்கி விடுகின்றது. கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு அதனை மறந்து விடுவதில் பொதுவாக ஆபத்து எதுவுமில்லை. ஆனால், மிக அரிதாக அதே தொண்டை நோவு ஆரோக்கியமான ஓர் இளைஞனைச் சில தினங்களிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து விடுவதும் உண்டு.

லெமியர் நோய் அத்தகையதொன்றாகும். தொண்டையில் தங்கும் ஒருவகை பக்டீரியா கழுத்து நாளத்தினுள் ஊடுருவி அங்கு இரத்தக் கட்டியை உருவாக்குகின்றது. அதிலிருந்து பிரியும் கிருமித் துணுக்குகள் நுரையீரலைச் சென்றடைகின்றன. பிரெஞ்சு வைத்தியரான அந்த்ரே லெமியர் 1936ஆம் ஆண்டில் விபரித்த 20 நோயாளர்களில் 18 பேர் உயிரிழந்திருந்தனர். பெனிசிலின் பாவனைக்கு வந்த பின்னர் இது 'மறக்கப்பட்ட நோய்' எனப்படுமளவுக்கு அருகிப் போனது.

எனினும், அது மறைந்து விடவில்லை. டென்மார்க்கில் 1998 முதல் 2001 வரை மேற்கொள்ளப்பட்ட ஆய்வில், 15 முதல் 24 வயது வரையானோரில் பத்து இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 14 பேரளவில் இந்நோய்க்கு உள்ளாகியிருந்தமை தெரியவந்தது. மொத்த சனத்தொகையில் காணப்பட்ட விகிதத்தைவிட இது பல மடங்கு அதிகமாகும்.

அதற்காக ஒவ்வொரு தொண்டை நோவுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை நாடுவது தீர்வாகாது. அது மருந்துக்கு அடங்காத கிருமிகளையே பெருக்கும். வைத்தியரின் சிட்டையின்றி மருந்தகத்தில் வாங்கி விழுங்கும் பழக்கம் எம்மிடையே இன்னமும் உள்ளது. அவ்வாறு பலர் வாங்கும் அசித்ரோமைசின் போன்ற மருந்துகள் லெமியர் நோய்க் கிருமியை நம்பகமாகக் கட்டுப்படுத்துவதுமில்லை. தேவையற்றோர் மருந்தை விழுங்க, உண்மையில் சிகிச்சை தேவைப்படுவோர் காலத்தைக் கடத்தி விடுகின்றனர்.

ஆகவே, மருந்தை விட அவதானிப்பே முக்கியமானது. ஐந்து நாட்கள் கடந்தும் நோவு தணியாது கடுமையாதல், நடுக்கத்துடனான காய்ச்சல், கழுத்தின் ஒரு பக்கத்தில் வீக்கம், வாயைத் திறக்கவோ விழுங்கவோ இயலாமை, நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதியாது வைத்தியசாலையை நாட வேண்டும். உரிய வேளையில் சிகிச்சை கிடைத்தால் நோயாளர்களில் மிகப் பெரும்பாலானோர் உயிர் தப்பி விடுகின்றனர்.

பெற்றோரைப் பிரிந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கும் பல்கலைக்கழக மாணவர்களும் இளம் தொழிலாளர்களும் இந்த வயதினரே. காய்ச்சலுடன் அறையில் முடங்கிக் கிடப்பவரைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு உடனிருக்கும் நண்பர்களுக்கும் உண்டு. இந்த விழிப்புணர்வை ஏற்படுத்துவதற்குப் பெரும் செலவு எதுவும் தேவையில்லை. சுகாதாரத் துறையினரும் கல்வி நிறுவனங்களும் இதில் கவனம் செலுத்துவது அவசியமாகும்.