நாற்பது வயதில் வரும் நோய்க்குக் கருவிலேயே தீர்ப்பா?



ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கிண்டி வரை எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும் ஒரு பலகை கண்ணில் படும். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பலகை சும்மா வரவில்லை. பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்க 1992ல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. வயிற்றிலேயே பெண் கருவைத் தேடி அழிக்கும் கொடுமை நாடெங்கும் பரவியதால் 1994ல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. 2003ல் அதை இன்னும் இறுக்கியது.

இன்று அதே வாசலில் வேறொரு கேள்வி வந்து நிற்கிறது. ‘இந்தப் பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு பரம்பரை நோய்க்கு ஆளாகுமா? இப்போதே பார்த்துச் சொல்லுங்கள்’ என்பதே அக்கேள்வி. முதிர்ந்த வயதில் வரும் இத்தகைய நோய்களைப் பற்றி அந்தச் சட்டத்தில் தனியாக ஒரு வார்த்தையும் இல்லை. சட்டம் பேசாத இடத்தில் மார்க்கமும் மனசாட்சியும் பேசித்தான் ஆக வேண்டும்.

ஹண்டிங்டன் என்றொரு நோய் உண்டு. பெரும்பாலும் முப்பது வயதிலிருந்து ஐம்பது வயதுக்குள் தொடங்கும். கைகால்கள் தாமாக ஆடும், நினைவு தடுமாறும், குணம் மாறும். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. குணப்படுத்த மருந்தில்லை. இதற்குக் காரணமான மரபணு 1993ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் கருவுற்ற மூன்றாம் மாதத்திலேயே சோதித்துச் சொல்ல முடிகிறது.

இந்தச் சோதனையைக் கேட்டு வரும் பெற்றோர் கொடியவர்கள் அல்லர். கணவன் படுத்த படுக்கையில் உருக்குலைவதைக் கண்ட பெண், தன் வயிற்றுப் பிள்ளைக்கும் அந்தக் கதியா என்று நடுங்குகிறாள். அவளைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தச் சோதனையால் யாருக்கு என்ன நன்மை?

நோய் இருப்பதாகத் தெரிந்தால் இரண்டே வழிதான். ஒன்று, கருவைக் கலைப்பது. 120 நாட்களில் ரூஹ் ஊதப்படுகிறது என்பதை நாம் அறிவோம். மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1990ல் கூடி ஒரு தீர்ப்பளித்தது. கரு கடுமையாக ஊனமுற்றிருக்க வேண்டும். சிகிச்சைக்கு வழியே இருக்கக் கூடாது. பிறந்தால் அதன் வாழ்வே வேதனை என்று நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்ய வேண்டும். அப்போதுதான், அதுவும் 120 நாட்களுக்குள், பெற்றோர் கேட்டால் சலுகை உண்டு. ஓடியாடி, ஓதிப் படித்து, நிக்காஹ் முடித்து, நாற்பது ஆண்டுகள் நலமாக வாழ வாய்ப்புள்ள பிள்ளையை இந்தச் சலுகைக்குள் எப்படித் திணிக்க முடியும்? நாற்பது ஆண்டு வாழ்வு வாழ்வில்லையா?

அமெரிக்காவின் நான்சி வெக்ஸ்லர் அம்மையாரைப் பாருங்கள். தாயை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். வெனிசுலா நாட்டு ஏரிக்கரைக் கிராமங்களுக்கு ஆண்டுதோறும் சென்று, நோயுற்ற குடும்பங்களோடு பழகி, மரபணுவைக் கண்டுபிடிக்க வழிவகுத்தார். தமக்கும் அந்நோய் இருப்பதை 2020ல், எழுபது வயதைக் கடந்த பிறகு, உலகுக்குச் சொன்னார். கருவிலேயே சோதித்து அவரைக் கலைத்திருந்தால் நஷ்டம் யாருக்கு?

இரண்டாவது வழி, தெரிந்துகொண்டு பெற்றெடுப்பது. அப்போது அந்தப் பிள்ளை நெற்றியில் முத்திரையோடு பிறக்கிறது. ‘இவனைப் படிக்க வைத்து என்ன பயன்?’ என்று வீடு நினைக்கும். ‘அந்தக் குடும்பத்துப் பெண்ணா?’ என்று மஹல்லா முணுமுணுக்கும். மரபுவழி நோய் என்று சொல்லி இதய நோயாளி ஒருவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுத்தது. 2018ல் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றுதான் அவர் தமக்குச் சாதகமாகத் தீர்ப்புப் பெற்றார். தன் உடலின் ரகசியத்தை அறிவதா வேண்டாமா என்பது ஆளான பின் அந்தப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டியது. பிள்ளை நம் உடைமை அன்று, அமானிதம்!

அப்படியானால் சோதனைகளே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. தலசீமியா போன்று குழந்தைப் பருவத்திலேயே தாக்கும் நோய்களின் நிலை வேறு. சவூதி அரேபியாவில் 2004 முதல் நிக்காஹ்வுக்கு முன் தலசீமியா, சிக்கிள் செல் சோதனை கட்டாயம். சொந்தத்திலேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நாமும் அதைப் பழக்கமாக்கலாம். தாய்க்கும் பாட்டிக்கும் மார்பகப் புற்றுநோய் இருந்த பெண், வயது வந்தபின் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஆலோசனை கேட்கலாம். அது அவளே எடுக்கும் முடிவு. முன்கூட்டியே காத்துக்கொள்ளவும் வழி உண்டு.

ஜமாஅத்தார்களே! பெற்றோரை அச்சுறுத்துவது நோய் மட்டும் அன்று. ‘என் பிள்ளை விழுந்தால் யார் தூக்குவார்?’ என்ற கேள்விதான் அவர்களைச் சோதனைக்கூடத்துக்குத் துரத்துகிறது. பரம்பரை நோயுள்ள வீட்டுக்குச் சம்பந்தம் பேசத் தயங்குகிறோம். பைத்துல்மாலில் இருந்து கல்யாணத்துக்குக் கொடுக்கிறோம். பத்தாண்டு படுக்கையில் கிடப்பவருக்கு மாதாமாதம் கொடுக்கிறோமா? அவரைக் கவனிக்கும் மனைவிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க நம் வீட்டுப் பெண்கள் போகிறார்களா? வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று மேடையில் முழங்கும் நாம், அந்த அச்சத்தைப் போக்க என்ன செய்தோம்?

கருவைக் கலைக்காதே என்று சொல்லும் வாய்க்கு, பிறந்த பிள்ளையைத் தாங்கும் கையும் வேண்டும். சிந்திப்போம்! செயல்படுவோம்! வல்ல அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக!